சொல்லுக்குச் சொந்தக்காரர் யார்?

தருமபுரி நகரிலிருந்து சிறிது தொலைவில் இருக்கின்றது பாப்பாரப்பட்டி. ஒகேனக்கல் அருவியைக் காண வரும் வெளியூரார் பெரும்பாலும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று கண்மூடியது இந்த ஊரில்தான். அப்போது அவருக்கு வயது நாற்பதுதான். சிறைவாசம் தந்த தொழுநோய் அவரது உடலை அரித்துத் தின்றிருந்தது.

அவர் செய்த குற்றந்தான் என்ன? மேடையேறிப் பேசினார். அவ்வளவே! 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த நாட்களில், அவர்களிடையே வ.உ.சிதம்பரனாரும் சிவாவும் பேசினர். அந்தப் பேச்சுக்காக மார்ச் மாதம் இருவரும் கைது செய்யப்பட்டனர். சிவாவுக்கு அன்று இருபத்துமூன்று வயது. இன்றைய கணக்கில் சொல்வதானால், கல்லூரியை விட்டு வெளியே வந்து வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் வயது. ராஜதுரோகம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவின்படி வழக்கு நடந்தது. ஜூலை மாதம் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல். வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை, அதுவும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று அவர் பேசிய பேச்சுக்காக. மற்றொன்று, சிவா பேசுவதற்கு உடந்தையாக இருந்தமைக்காக! மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன என்பது பின்கதை.

ஒருவர் சொன்ன சொல்லுக்கு இடமும் ஆதரவும் கொடுத்தவர், சொன்னவரைப் போலவே குற்றவாளி என்று அன்றைய வெள்ளை அரசு கருதியது. இதை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் இருக்கின்றது. ஒரு செய்தியை எழுதியவருக்கும் அதைப் பிறருக்கு அனுப்பியவருக்கும் இடையே வேறுபாடு உண்டா என்னும் கேள்வி, நூறாண்டுகளுக்கு மேலான பிறகு, நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றது.

பேசும் உரிமை என்பது யாரோ தாராள மனத்தோடு கொடுத்த இனாம் அன்று என்பதைப் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். அரசியலமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு அதற்கு உறுதி அளிக்கின்றது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நாகரிகம், அவதூறு முதலிய சில காரணங்களுக்காக மட்டும் நியாயமான கட்டுப்பாடு விதிக்க இடம் தருகின்றது. அந்தப் பட்டியலில் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்றொரு காரணம் இல்லை. ஆனால் அதிகாரத்தில் இருப்போருக்கு இந்த நுட்பம் எளிதில் விளங்குவதில்லை.

பத்து வார்த்தைக்கு ஒரு கைது

2012ஆம் ஆண்டை நினைவுகூரலாம். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில், புதுச்சேரியில் சிறுதொழில் செய்துவந்த ஒருவர், மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதினார் என்பதற்காக அதிகாலையில் கைது செய்யப்பட்டார். அவர் எழுதுவதைப் படிக்கப் பதிவு செய்துகொண்டிருந்தவர்கள் அன்று பதினாறு பேர்தாம் என்று செய்திகள் வந்தன. கைதுக்குப் பிறகு நாடே படித்துவிட்டது.

அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தின் பால்கர் நகரில் இரண்டு இளம்பெண்கள் கைதாயினர். பால் தாக்கரே மறைந்ததை ஒட்டி மும்பை முழுவதும் கடைகள் அடைக்கப்பட்டது ஏன் என்று முகநூலில் ஒரு பெண் கேட்டிருந்தார். மற்றொரு பெண் அதற்கு 'லைக்' போட்டிருந்தார். இருவரும் வெவ்வேறு சமயத்தவர், தோழிகள். எழுதிய பெண்ணின் உறவினர் நடத்திய மருத்துவமனையை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. காவல்துறை பெண்களைக் கைது செய்தது! பிற்பாடு அந்த வழக்கு கைவிடப்பட்டது, காவல் அதிகாரிகள் மீது நடவடிக்கையும் வந்தது என்பதில் ஓரளவு ஆறுதல்.

இத்தகைய கைதுகளுக்கெல்லாம் கருவியாக இருந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ என்னும் பிரிவு. 'எரிச்சலூட்டும்', 'மிகவும் புண்படுத்தும்' செய்திகளை அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்றது அது. எரிச்சல் என்பதற்கு எல்லை எது? மாமியாருக்கு மருமகளின் மௌனமே எரிச்சலூட்டலாம் அல்லவா? இந்தப் பிரிவை எதிர்த்து 2012இல் உச்சநீதிமன்றத்தின் படியேறியவர் ஷ்ரேயா சிங்கால் என்னும் இருபத்தொரு வயதுப் பெண். 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வரும் ரோகின்டன் நாரிமனும் அப்பிரிவை முற்றாக நீக்கித் தீர்ப்பளித்தனர்.

அந்தத் தீர்ப்பில் இளைஞர்கள் மனத்திற்கொள்ளத்தக்க பாகுபாடு ஒன்று உண்டு. ஒரு பொருளைப் பற்றி விவாதிப்பது ஒன்று. ஒரு கொள்கைக்காக வாதாடுவது மற்றொன்று. பிறரைச் செயலுக்குத் தூண்டிவிடுவது மூன்றாவது. முன்னிரண்டும், பிறருக்கு எவ்வளவு கசப்பாக இருந்தாலும், உரிமைக்குள் அடங்கும். தூண்டுதல் என்னும் எல்லையைத் தொடும்போதுதான் சட்டம் குறுக்கிட வேண்டும். கருத்துரிமையையும் பொறுப்பையும் தராசின் இரு தட்டுகளாக வைத்து, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எமக்கு அதில் உடன்பாடில்லை. தன் சொல்லுக்குத் தானே பதில் சொல்ல ஆயத்தமாய் இருப்பவர் எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். இன்றைய தொல்லை மிகுதியான பேச்சு அன்று. சொந்தக்காரர் இல்லாத பேச்சே தொல்லை.

வீட்டின் முதல் வாசகர்

1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தருமபுரியிலிருந்து, 2004இல் கிருஷ்ணகிரியும் தனியே பிரிந்துபோயிற்று. எஞ்சிய மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெற்றோர் 68.5 விழுக்காடு. தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே கடைசி இடம் அது. இந்த எண்ணைக் கண்டு வெட்கப்படுவது ஒருபுறம் இருக்கட்டும். இதன் பொருள் என்ன என்று பார்க்க வேண்டும். பென்னாகரத்திலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் எத்தனையோ வீடுகளில் சரளமாகப் படிக்கத் தெரிந்த முதல் ஆள், கல்லூரிக்குச் செல்லும் மகன் அல்லது மகள்தான். தந்தை பெங்களூரில் கட்டட வேலை பார்ப்பார், தாய்க்குக் கையெழுத்து மட்டும் தெரியும். கைப்பேசியில் வரும் செய்தியை அந்தப் பிள்ளை படித்துச் சொல்ல, அதுவே அந்த வீட்டுக்கு அன்றைய நாளிதழாகின்றது.

நாளிதழ் அலுவலகத்தில் ஒரு செய்தி அச்சேறுமுன் நிருபர், துணையாசிரியர், ஆசிரியர் என்று சில கண்களாவது அதைப் பார்க்கும். இங்கோ பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவரே நிருபர், அவரே ஆசிரியர். பேருந்தில் நின்றபடி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையின் கட்டைவிரலால் அவர் எடுக்கும் முடிவே அந்த வீட்டிற்கும் தெருவிற்கும் செய்தியாகின்றது. இத்தனை பெரிய பதவியை அவருக்குக் கொடுத்தோமே, அதற்குரிய பயிற்சியை எவரேனும் கொடுத்தோமா?

இதன் விலை என்னவென்பதை அண்டை மாவட்டம் 2018இல் கண்டது. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்போர் கூட்டம் வந்துள்ளது என்று அவ்வாண்டு வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூர் என்னும் சிற்றூரில், குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பத்தினர், வழியில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். அவ்வளவுதான்! கூட்டம் கூடியது. அறுபத்தைந்து வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். உடன்வந்தோர் படுகாயமுற்றனர். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் இவ்வாறே அடித்துக் கொல்லப்பட்டார். சில வாரங்களில் மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டத்தில் ஐந்து பேர்.

அந்நாட்களில் இந்தியாவெங்கும் சுற்றிய காணொளிகளுள் ஒன்றின் கதை விசித்திரமானது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வதை அதில் காணலாம். பார்ப்போர் நெஞ்சு பதறும். உண்மையில் அது கராச்சி நகரில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அசலில், தூக்கிச் சென்றவர்கள் மறு நிமிடமே சிறுவனைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ கத்தரித்துவிட்டார். கத்தரித்தவர் யார் என்பது எவருக்கும் தெரியாது. ஆனால் அதை அனுப்பிய இலட்சக்கணக்கானோர் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள், நல்லவர்கள், பிள்ளை பெற்றவர்கள். 'எதற்கும் சொல்லி வைப்போமே' என்ற அக்கறையில்தான் அனுப்பினர். கொலைக்குத் துணைபோனது பகைமை அன்று, அக்கறை! அதுதான் நம்மை உறங்கவிடாத செய்தி.

அதன் பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம் 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பு விதித்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு முறைக்கு ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று அதை மேலும் இறுக்கியது. இயந்திரம் ஒரு கணம் தயங்கக் கற்றுக்கொண்டது. மனிதர் கற்றுக்கொண்டனரா என்பது வேறு கேள்வி.

கைப்பேசியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நேர்மையாகாது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாய்க்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் தாழ்த்தப்பட்ட மக்களின் வீடுகள் இருநூறுக்கும் மேல் எரிக்கப்பட்டனவே! ஒரு காதல் மணமும் அதன்பின் நேர்ந்த ஒரு மரணமும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. அங்கே தீயை மூட்டியது எந்தத் திரையும் அன்று. ஆண்டாண்டாய் நாவில் வளர்ந்த வெறுப்பு. வெறுப்பு பழையது, அதன் வாகனம் புதியது.

மாவு உருண்டை மாத்திரையான கதை

நம் சமுதாயத்தினர் இதை வெளியே நின்று வேடிக்கை பார்க்க இயலாது. 2018 பிப்ரவரி 26 இரவு இலங்கையின் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பிட வந்தவர், குழம்பில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, இது மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டார். சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர், கூட்டத்தின் மிரட்டலுக்கு நடுவே ஏதோ தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் படம் பிடித்து, 'ஒப்புக்கொண்டான்' என்று முகநூலில் ஏற்றினர். அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் கலவரம் வெடித்து, நாடெங்கும் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. அரசு முகநூலையும் வாட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. அந்தக் கட்டி வெறும் மாவு என்று அரசின் பகுப்பாய்வாளர் பிற்பாடு கண்டறிந்தார். முகநூல் நிறுவனம் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு வருத்தம் தெரிவிக்க 2020 மே மாதம் ஆயிற்று.

அதே 2020இல், தில்லி நிஜாமுத்தீனில் நடந்த தப்லீக் கூட்டத்தைச் சாக்கிட்டு, கொரோனாவைப் பரப்பியது ஒரு சமுதாயமே என்று எத்தனை காணொளிகள் வந்தன! வேறு ஊரில், வேறு சமயத்தில் எடுத்த படங்களுக்குப் புதுத் தலைப்பிட்டுப் பரப்பினர். தள்ளுவண்டியில் பழம் விற்றவரிடம் பெயர் கேட்டு வாங்க மறுத்தனர். ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீக் அன்பர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்று குறிப்பிட்டது. தீர்ப்பு வந்த செய்தி, வதந்தி போன வீடுகளில் எத்தனைக்குச் சென்று சேர்ந்திருக்கும்?

பொய்யால் இவ்வளவு அடிபட்ட நாம், நமக்குச் சாதகமான பொய் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாமா? வெளிநாட்டில் நடந்த ஏதோ ஒரு கொடுமையின் பழைய படத்தை நேற்று நடந்ததாக நம்பி, கொதிப்போடு ஸ்டேட்டஸில் வைக்கும் இளைஞர்கள் நம்மிடம் இல்லையா? கொதிப்பு நியாயமானதாக இருக்கலாம். படம் பொய்யாக இருந்தால், அந்த நியாயமான கொதிப்பையும் சேர்த்தல்லவா உலகம் பொய் என்று ஒதுக்கிவிடும்!

பெயர் இல்லாத செய்தியை ஏற்காத மரபு நம்முடையது. அருள்மறையின் 49ஆவது அத்தியாயமான அல்ஹுஜுராத், நம்பகமற்றவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி பணிக்கின்றது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரும் என்று காரணத்தையும் கூறுகின்றது. இந்த அடித்தளத்தின் மீதுதான் ஹதீஸ் கலை எழுந்தது. ஒரு செய்தியைச் சொன்னால், அதை யாரிடம் கேட்டீர், அவர் யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசை முழுவதையும் சொல்ல வேண்டும். வரிசையில் ஒருவர் நினைவாற்றல் குன்றியவராயினும், பொய்யர் என்று பெயரெடுத்தவராயினும், இருவர் ஒருவரையொருவர் சந்தித்திருக்க வாய்ப்பில்லை எனினும், அந்தச் செய்தி பலவீனமானது. அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை ஆராய்வதற்கென்றே ஒரு தனிக் கலையை நம் முன்னோர் வளர்த்தனர். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் நாடு நாடாக அலைந்தது இதற்காகத்தான். இன்றைய வாட்ஸ்அப்பிலோ, 'வந்ததை அனுப்பினேன்' என்ற ஒரே வரியில் வரிசை முழுவதும் காணாமற் போய்விடுகின்றது. வரிசையின் கடைசியில் நிற்பவர் நம் பிள்ளை மட்டுமே.

படிக்காமல் பகிர்ந்தவர்

'நான் எழுதவில்லை, அனுப்பத்தான் செய்தேன்' என்னும் சமாதானம் நீதிமன்றத்தில் எடுபடுமா? நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி.சேகர் 2018 ஏப்ரலில், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை முகநூலில் பகிர்ந்தார். எதிர்ப்பு எழுந்ததும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். படிக்காமலே பகிர்ந்துவிட்டதாகச் சொன்னார். 2023 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டார். ஒரு செய்தியைப் பகிர்பவர் அதன் உள்ளடக்கத்தை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார் என்பதும், வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போன்றது அது என்பதும் அவர் கூறியதன் சாரம். உச்சநீதிமன்றமும் அடுத்த மாதம் தலையிட மறுத்தது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அதை 2025 ஜனவரியில் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்பை வரவேற்பவர்கள் வ.உ.சி.யின் இரண்டாவது ஆயுள் தண்டனையையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது எம் கருத்து. பகிர்ந்தவரைத் தண்டிக்கும் அதிகாரம் இருபுறமும் கூரான கத்தி. பெண்களை இழிவுபடுத்தியவர் மீது அது பாய்ந்தது சரியே. நாளை, ஆட்சியாளரை விமர்சிக்கும் ஒரு கேலிப்படத்தைப் பகிர்ந்த மாணவர் மீதும் பாயக்கூடும். சட்டம் எல்லார் மீதும் ஒரே வேகத்தில் பாய்வதில்லை என்பதும் நாம் அறியாததன்று. சிவாவைச் சிறைக்கனுப்பிய 124-ஏ பிரிவை 2022 மே 11 அன்று உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் நாள் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பெயர் போயிற்று. ஆனால் அதன் 152ஆவது பிரிவு ஏறத்தாழ அதே வேலையைச் செய்யவல்லது என்று சட்டம் அறிந்தோர் பலர் அஞ்சுகின்றனர். பிரிவினரிடையே பகைமையை வளர்ப்பது 196ஆவது பிரிவின்படியும், மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது 299ஆவது பிரிவின்படியும் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றங்கள்.

குழு நிர்வாகிகளாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சிறு ஆறுதல். குழுவில் வேறொருவர் போட்ட செய்திக்காக, 'அட்மின்' என்ற ஒரே காரணத்தால் ஒருவரைத் தண்டிக்க இயலாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2022இல் கூறியிருக்கின்றது.

தண்டனை வருமா, வராதா என்பதைவிட, வழக்கு என்று ஒன்று பதிவாவதே ஓர் ஏழை வீட்டுக்குப் பெருந்தண்டனை. குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால், 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி கடவுச்சீட்டு மறுக்கப்படலாம். நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். வளைகுடா வேலையை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கி வைத்திருக்கும் குடும்பத்திற்கு இதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை. காவல்துறைப் பணிக்கும் அரசுப் பணிக்கும் நன்னடத்தைச் சரிபார்ப்பு உண்டு. ஓர் இரவு ஆத்திரத்தில் தட்டிய நான்கு வரி, நான்கு ஆண்டு அலைச்சலாகிவிடும்.

இதைச் சொன்னவுடன் பெற்றோர் பலர், 'ஆகவே நீ ஒன்றும் எழுதாதே, வாயை மூடிக்கொண்டு இரு' என்று பிள்ளைகளுக்குக் கட்டளையிடுகின்றனர். நம் சமுதாயத்தில் இந்த அச்சம் சற்று அதிகமாகவே இருக்கின்றது. அதற்குக் காரணமும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் வாய்மூடுதல் பொறுப்பாகாது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. ஒரு வீட்டில் கைப்பேசியால் தொல்லை என்றால், பறிக்கப்படுவது பெரும்பாலும் தங்கையின் கைப்பேசிதான், அண்ணனுடையது அன்று. 2016இல் அண்டைச் சேலம் மாவட்டத்தில், தன் முகத்தை வேறு உடலோடு ஒட்டித் திரித்த படங்கள் முகநூலில் வெளியானதால் ஓர் இளம்பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பத்தினர் புகார் கொடுத்திருந்தும் நடவடிக்கை விரைந்து வரவில்லை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்தப் படங்களைச் செய்தவன் ஒருவன். பார்த்தவர்கள், பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் காட்டியவர்கள் எத்தனை பேர்? இத்தகைய படங்களைப் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்திற்குள் நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் நிறுவனங்களுக்கு வரம்பு வகுத்தன. எழுதுவது, காவல் நிலையம் செல்வது எல்லாம் அடுத்தபடி. அந்தப் பெண் முதலில் தன் தாயிடம் வந்து சொல்ல முடிய வேண்டும். சொன்னால் கைப்பேசியும் படிப்பும் சேர்ந்து போய்விடும் என்ற அச்சம் உள்ள வீட்டில் எந்த மகளும் சொல்லமாட்டாள்.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை விதித்திருக்கின்றது. நல்லதா, கெட்டதா என்று காலம் சொல்லட்டும். தடை போட்டாலும் பதினேழாவது வயதில் அந்தப் பிள்ளை பேசத்தானே வேண்டும்?

கடைசிப் பக்கத்தின் மூன்று வரிகள்

எந்தப் பத்திரிகையையும் எடுத்துப் பாருங்கள். ஏதோ ஒரு மூலையில், எவரும் படிக்காத சிற்றெழுத்தில், ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்கள் இருக்கும். 1867இல் வெள்ளையர் போட்ட பத்திரிகைப் பதிவுச் சட்டம் கொணர்ந்த வழக்கம் இது. அதனிடத்தில் 2023இல் புதுச் சட்டம் வந்தபோதிலும், பொறுப்பானவர் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்ற கருத்து மாறவில்லை. கண்காணிப்பதற்காக வெள்ளையர் கொண்டுவந்த ஏற்பாடுதான் அது என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த மூன்று வரிகளுக்கு அஞ்சி எழுதாதிருந்தோர் உண்டு, அஞ்சாமல் பெயரைப் போட்டு எழுதியோரும் உண்டு. சிறையிலிருந்து 1912இல் வெளிவந்த சிவா, நோயுற்ற உடலோடு அடுத்த ஆண்டே 'ஞானபாநு' என்ற இதழைத் தொடங்கினார்.

பெயரை மறைத்துப் பேச வேண்டிய நேரங்களும் வாழ்வில் உண்டு. மேலதிகாரியின் ஊழலை வெளிக்கொணரும் ஊழியருக்கும், வீட்டுக்குள் நடக்கும் வன்கொடுமையைச் சொல்லும் பெண்ணுக்கும் முகமறைப்பே கவசம். அவர்களைப் பெயர் சொல் என்று வற்புறுத்துவது கொடுமை. ஆனால் அவர்கள் சொல்வது தாங்கள் அறிந்ததை. எவனோ பெற்று எவனோ வளர்த்த பொய்யை, முகம் தெரியாது என்ற துணிவில் தெருவில் இறக்கிவிடுவதற்கும் அதற்கும் எத்தனை தூரம்!

தருமபுரி இளைஞர்களுக்குப் பேசுவதற்கு விஷயமா இல்லை? இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்து, பற்கள் கறை படிவதும் எலும்புகள் நலிவதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தன. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியுடன் வகுக்கப்பட்டு 2013இல் செயலுக்கு வந்தது. தம் தெருவுக்கு அந்தக் காவிரி நீர் வாரத்தில் எத்தனை நாள் வருகின்றது, வராத நாட்களில் மக்கள் எந்தக் கிணற்றை நாடுகின்றனர், அந்தக் கிணற்று நீரை யாரேனும் சோதித்தார்களா என்று எழுதும் மாணவர் எவரையும் புண்படுத்தப் போவதில்லை. ஊராட்சித் தலைவருக்கு எரிச்சல் வரலாம். வரட்டும்! எரிச்சலூட்டுவதைக் குற்றமாக்கிய சட்டம் 2015இலேயே போய்விட்டது.

அவ்வாறு எழுதுமுன், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி ஒரு விண்ணப்பம் அனுப்பலாம். கட்டணம் பத்து ரூபாய். வறுமைக்கோட்டிற்குக் கீழ் உள்ளோருக்கு அதுவும் இல்லை. சாதாரணமாக முப்பது நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். நீர் சோதிக்கப்பட்ட தேதியும் அதில் கண்ட ஃப்ளூரைடின் அளவும் அலுவலக முத்திரையோடு கைக்கு வந்த பிறகு அதைப் படமெடுத்துப் பதிவில் சேர்க்கலாம். விண்ணப்பத்தில் ஏன் கேட்கின்றீர் என்ற காரணம் எழுத வேண்டியதில்லை. பெயரும் பதில் வந்து சேர வேண்டிய முகவரியும் எழுத வேண்டும்.